பின்னங்காலுக்கு வசனம் இல்லை

டிசம்பர் 4, ஞாயிறு

காலைப் பூசை முடிந்ததும் வாஸ் சாரின் டியூஷன் சென்டரில் சீட்டெடுப்பு. எங்கள் சங்கு நாடக மன்றத்தில் யாருக்கு என்ன வேஷம் என்று யாரும் தீர்மானிக்கக் கூடாது. பனையோலைக் கொட்டானில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததை மாற்றக் கூடாது. மாதா வேஷத்துக்காக இரண்டு பெண்கள் அடித்துக்கொண்டு, ஒருத்தி சவுரி இன்னொருத்தி கையோடு வந்துவிட்டதிலிருந்து இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அரையாண்டு லீவு விடுகிற அன்று மாலை மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற திடலில் நாடகம். டிக்கெட் கிடையாது. வருகிற குடும்பம் தன் பாயைத் தானே கொண்டுவந்து விரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடியில் பாதிப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் முதலில் ஞாபகம் வருவது இதுதான். இந்த வருஷம் 'வழி தவறிய ஒட்டகம்' என்று வாஸ் சாரே எழுதியிருக்கிறார். மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களில் ஒன்று கப்பல் மாறி ஏறி, பெத்லகேமுக்குப் பதிலாக நம்மூர் துறைமுகத்தில் வந்து இறங்கிவிடுகிறது. பிறகு ஊரெல்லாம் வழி கேட்டு அலைகிறது.

நான் உள்ளே போனால் முன் பெஞ்சில் எமரன்சியா உட்கார்ந்திருக்கிறாள். என் மகள் ஷைனியின் மாமியார். இவளுக்கு நாடகத்தில் என்ன வேலை? யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் வாஸ் சார் புதுமுகங்கள் தேவை என்கிறார். ஐம்பத்தைந்து வயதில் புதுமுகம்!

கொட்டானைத் தூக்கிக்கொண்டு வந்தது எங்கள் வீட்டுக்காரர் தொம்மை. எனக்குக் கடைசியாக நீட்டினார். உள்ளே ஒரே ஒரு சீட்டு கிடந்தது. பிரித்தேன். 'ஒட்டகம், பின்னங்கால்' என்று எழுதியிருந்தது. முன்னங்கால் யாருக்கு என்று கேட்டேன். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். எமரன்சியா தன் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். அவள் எடுக்கும்போதும் கொட்டானில் ஒரே சீட்டுதான் இருந்ததாம். எங்கள் வீட்டுக்காரர் எதையும் கவனமாகச் செய்கிற மனுஷர் இல்லை, சீட்டுகளை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார். நான் முறைத்துப் பார்த்ததும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

டிசம்பர் 5

முன்னங்காலுக்குப் பக்கம் பக்கமாக வசனம். பின்னங்காலுக்கு ஒரு வார்த்தை கிடையாது. போன வருஷம் ஏரோது ராஜாவின் மனைவியாக நான் பேசிய பேச்சில் பின்வரிசைப் பிள்ளை ஒன்று பயந்து அழுதது. எனக்கு வந்த கேடு.

டிசம்பர் 6

மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். சீட்டு சீட்டுதான் என்றார். வீட்டில் ஒரு விஷயத்துக்கும் வாய் திறக்காதவர் இதற்கு மட்டும் சட்டம் பேசுகிறார்.

கோபம் ஏன் என்று இந்த டைரிக்காவது தெரிந்திருக்கட்டும். மே மாதம் ஷைனியின் கல்யாணம். முதல் பந்தியில் எமரன்சியா தன் தங்கைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். என் பெரியண்ணன் மணப்பாட்டிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவன், மாப்பிள்ளையின் அம்மா யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பங்குச் சாமியாருக்கு இடம் வேண்டும், எழுந்து அடுத்த பந்தியில் இருங்கள் என்று சொல்லிவிட்டான். அவள் எழுந்தாள். நேரே காரில் ஏறிப் போய்விட்டாள். நான் தெருவரை ஓடினேன், கார் நிற்கவில்லை. மறுநாள் பிரியாணியும் தொதல் இனிப்பும் கேரியரில் அடுக்கி இவரிடம் கொடுத்தனுப்பினேன். கேரியர் போட்ட மூடி போட்டபடி திரும்பி வந்தது. யாருக்கு யார் அவமானம் செய்தது என்று இனி யாராவது கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஷைனி இருப்பது நாலு தெரு தள்ளி. வாரத்துக்கு ஒரு தடவை அவசரமாக வருவாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போவாள். எனக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தால் சரிதான்.

டிசம்பர் 7

முதல் ஒத்திகை. ஒட்டகத் துணி இன்னும் தைக்கவில்லை, அதனால் ஒரு படுதாவை எங்கள் இருவர் மேலும் போர்த்தினார்கள். பின்னங்கால் குனிந்து முன்னங்காலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டுமாம். யாருடைய இடுப்பை யார் பிடிப்பது! நான் அவள் சேலை முந்தானையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். நாலு எட்டு போயிருக்க மாட்டோம், அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ஒரே படுதாவுக்குள் இருந்துகொண்டு, "எந்தக் காலை முதலில் வைப்பது என்று அந்த அம்மாளிடம் கேளுங்கள்" என்று நான் வாஸ் சாரிடம் சொன்னேன். "வலது என்று பின்னால் இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள்" என்று அவளும் வாஸ் சாரிடம் சொன்னாள். வாஸ் சார் இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் செய்தி சொல்லிக் களைத்துப் போனார்.

டிசம்பர் 9

ஒட்டகம் தைக்க உட்கார்ந்தேன். மன்றத்துக்குத் துணி தைப்பது எப்போதும் நான்தான். உப்புச் சாக்கும் பழைய பழுப்புக் கம்பளியும். கிழிந்த மெத்தையின் பஞ்சு திமிலுக்கு ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, திமில் நன்றாக வந்திருக்கிறது.

வாஸ் சார் ஒரே துண்டாகத் தைக்கச் சொல்லியிருந்தார். நான் இரண்டு துண்டாகத் தைத்தேன். அவள் பாதி தனி, என் பாதி தனி. நடுவில் டிச் பட்டன். ஒத்திகை முடிந்த மறுநிமிஷம் பட்டனைப் பிரித்துக்கொண்டு நான் பாட்டுக்கு வெளியே வந்துவிடலாம், அவள் கழற்றும் வரை காத்திருக்க வேண்டாம். வாஸ் சார் கேட்டதற்கு, துவைக்க வசதி என்று சொன்னேன்.

டிசம்பர் 11, ஞாயிறு

இன்றைக்கும் விழுந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் மேல்தான் விழுந்தாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுஷி நல்ல கனம்.

டிசம்பர் 12

ஒட்டகத்தின் அட்டைத் தலை அவள் கழுத்தில் அறுத்திருக்கிறது. சிவந்து கிடந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். தலைக்குள் வெல்வெட் துண்டு வைத்துத் தைத்துப் பஞ்சு அடைத்தேன். ஒட்டகம் பாதி நாடகத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தால் பார்க்கச் சகிக்காது, அதற்காகத்தான்.

டிசம்பர் 13

இன்று ஒரு அதிசயம். படுதா இல்லை, நான் தைத்த ஒட்டகத் துணிக்குள்ளேயே ஒத்திகை. உள்ளே ஒரே புழுக்கம், சாக்கு வாடை. அவள் யாரிடமும் சொல்லாத மாதிரி, "வலது... இடது... வலது" என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். நானும் யாரிடமும் சொல்லாத மாதிரி அதையே முணுமுணுத்தேன். ஒட்டகம் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது! துறைமுக கிளார்க் வேஷம் போடுகிற பிள்ளை கைதட்டினாள். வாஸ் சார் சிலுவை போட்டுக்கொண்டார்.

எங்களுக்குள் பேச்சு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பேச்சு இல்லை, நடை.

டிசம்பர் 14

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்தேன். ஷைனிக்குப் பிடித்த பலகாரம். மன்றத்துக்காரர்களுக்குக் கொடுக்கத்தான் செய்கிறேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

டிசம்பர் 15

துறைமுகக் காட்சி ஒத்திகை. உப்பளக்காரர், மக்ரூன் கடைக்காரர், ஆட்டோக்காரர் மூன்று பேரிடமும் ஒட்டகம் வழி கேட்கிறது. ஒவ்வொருவரும் தப்பு வழி சொல்லி, கையில் ஏதாவது கொடுத்து அனுப்புகிறார்கள். கடைசியில் நட்சத்திரம் வந்து வழிகாட்டுகிறது. ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நடுவே மேடையைச் சுற்றி நடக்க வேண்டும். அந்த நடையில் உள்ளே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வலது. ராத்திரி ஷைனி சரியாச் சாப்புடல. இடது."

அவள் ஒட்டகத்திடம் சொல்லிக்கொண்டாள். நானும் ஒட்டகத்திடம்தான் சொன்னேன்.

"இடது. புளி கூடுனா அவளுக்கு எறங்காது. வலது."

"வலது. அதான பாத்தேன். இடது."

"இடது. சீலா மீன்னா தேங்கா அரைச்சு வைக்கணும். வலது."

அதற்குள் ஆட்டோக்காரர் வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் பல் தேய்க்கும்போது ஷைனி பாடுகிறாளே, சின்ன வயசிலிருந்தே அப்படியா என்று விசாரணை. ஆமாம், மூன்று வயசிலிருந்து என்று சொன்னேன். எனக்கு அந்தச் சத்தம் கேட்டு ஏழு மாசமாகிறது. அந்த ஒட்டகத்துக்குள் இருட்டாக இருப்பதும் ஒரு விதத்தில் வசதிதான்.

டிசம்பர் 17

சாப்பாட்டு அறை விசிறியைத் துடைத்தேன். ஷைனி அறை ஜன்னல்களையும் துடைத்தேன். அந்த அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு. டிசம்பர் மாசம் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

டிசம்பர் 18, ஞாயிறு

ஷைனி போன் செய்தாள். கிறிஸ்துமஸ் எங்கே என்று அந்த வீட்டில் கேட்டார்களாம். இது அவளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மகளும் மருமகனும் பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டு வாசலுக்குப் பலகாரப் பெட்டியோடு போய், மாமியார் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டால்தான் அனுப்புவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆண்கள் போய்க் கூப்பிட்டால் செல்லாது.

"அம்மா, நீ வந்து கூப்புடுவியா?" என்று கேட்டாள்.

பார்ப்போம் என்றேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

என் கேரியரைத் திருப்பி அனுப்பிய வாசல் அது. அந்தப் படியை நான் எப்படி மிதிப்பேன்? ஒட்டகத்துக்குள் பேசுவது வேறு, வெளியே பேசுவது வேறு. வெளியில் வந்தால் அவளும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. ஆனால் ஷைனி இல்லாமல் இந்த வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் கூட வந்ததில்லை.

டிசம்பர் 19

இவர் சம்பந்தியை மார்க்கெட்டில் பார்த்துப் பேசியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் இந்த ஆண்கள் வாராவாரம் பார்த்துக்கொள்கிறார்களோ என்று சந்தேகம். எமரன்சியா சொன்னது இதுவாம்: "என்ன ஊரு முன்னால எழுப்பி விட்டாவ. ஊரு முன்னால கூப்பிட்டா நான் வாரேன். வீட்டுக்குள்ள வந்து காதுல சொல்ல வேண்டாம்."

வந்ததே கோபம். ஊர் முன்னால் என்றால் என்ன, நான் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போக வேண்டுமா? தண்டோரா போட வேண்டுமா? ஷைனியை அனுப்பாவிட்டால் போகட்டும். முந்திரிக்கொத்தை நாங்கள் இரண்டு பேருமே தின்றுகொள்கிறோம் என்று கத்தினேன். இவர் எதிரே உட்கார்ந்து முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டே கேட்டார்.

டிசம்பர் 20

இன்று ஒட்டகத்துக்குள் வலது, இடது மட்டும்தான். அவளும் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் விழுந்தோம். வாஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். நாடகத்துக்கு இன்னும் மூன்றே நாள், திடலுக்குப் பிள்ளைகள் வந்து பாய்க்கு இடம் பார்த்துக் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் அவர்களுக்கு எதைக் காட்டுவேன் என்று கேட்டார். அவருக்காக வருத்தமாக இருந்தது. எமரன்சியாவும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நாங்கள் இருவரும் ஒரே வீம்பு பிடித்த ஜாதி.

டிசம்பர் 22

ஷைனி இன்று போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. வீட்டில் வைக்கோலைப் பரப்பிக் குடில் கட்டினோம். குழந்தையேசுவை வைக்கிறது எப்போதும் அவள்தான்.

டிசம்பர் 24, காலை

நேற்று எழுத முடியவில்லை. எழுதுகிற நிலையில் யாரும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மத்தியானம் மழை மிரட்டியது, பிறகு விட்டுவிட்டது. நாலு மணியிலிருந்தே திடலில் பாய் விரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்த மதம், எந்தத் தெரு என்றில்லை. காஜா பாய் கடைக் குடும்பம் முழுவதும் வந்திருந்தது, மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எனக்கு மேடைக்குப் பின்னால் படுதா ஓட்டை வழியாக ஒரே ஒரு பாயைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இடது பக்கம் கம்பத்தடியில் ஷைனி. மருமகன் கிங்ஸ்லி பக்கத்தில். மெலிந்திருக்கிறாள். இல்லை, வெளிச்சம் சரியில்லாததால் அப்படித் தெரிந்திருக்கும்.

இவருக்குத் திரைக்கயிறு இழுக்கிற வேலை. எமரன்சியா அட்டைத் தலையை மாட்டினாள். நான் இவருடைய பழைய பேன்டும் வாலுமாகப் பின்னால் குனிந்தேன். டிச் பட்டனைப் போட்டார்கள். எமரன்சியா, "வலது" என்றாள். போனோம்.

முதல் பாதி தங்கம். உப்பளக்காரர் ஒட்டகத்தின் வாயில் உப்பைப் போட்டதும் எமரன்சியா துப்பிய துப்பில் பிள்ளைகள் உருண்டார்கள். இதற்கு முன் எங்கே ஒளிந்திருந்தாள் இந்த மனுஷி! ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்டபோது அவள் வாஸ் சார் எழுதாத ஒரு பேச்சைப் பேசினாள், பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு தனியாகக் கேட்டது. மூச்சு வாங்கி விக்கி விக்கிச் சிரிக்கிற சிரிப்பு. ஷைனி சிரிப்பு.

எனக்கு அங்கே கண் கிடையாது, காதுதான். சத்தம் வந்த பக்கம் என் கால் தானாகத் திரும்பிவிட்டது. எமரன்சியாவும் அதே நேரம் மருமகளைப் பார்க்கத்தான் திரும்பியிருக்கிறாள். ஒட்டகம் முன்னாலும் பின்னாலும் ஒரே சமயத்தில் வளைந்தது. படபடவென்று ஒரு சத்தம். அத்தனை டிச் பட்டனும் விட்டுவிட்டது.

நான் நிமிர்ந்தால் எதிரே ஊர் முழுவதும். தலை கலைந்து, ஆண்பிள்ளை பேன்ட் போட்டு, இடுப்பில் அரை ஒட்டகத்தோடு, பின்னால் வால் ஆட நிற்கிறேன்.

ஒரு பொடியன் எழுந்து நின்று, "ஒட்டகம் குட்டி போட்டுட்டு" என்று கத்தினான். திடலே அதிர்ந்தது.

திரையை இழுக்கச் சொல்லி வாஸ் சார் ஓரத்திலிருந்து கையைக் கையை ஆட்டுகிறார். எங்கள் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோவில் தூண் மாதிரி நிற்கிறார். காது கேட்கவில்லையோ என்னவோ.

எமரன்சியா அட்டைத் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது. அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நேருக்கு நேராக நான் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவே இல்லை. அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். ஒட்டகத்தின் குரலில்தான் பேசினாள், ஆனால் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பாத்தியளா பிள்ளைகளா. இந்த ஊருல எல்லாரும் உப்பு குடுத்தாவ, மக்ரூன் குடுத்தாவ, வழியும் சொன்னாவ. பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு வான்னு ஒரு ஆளு கூப்புடலியே."

வாஸ் சார் எழுதிய வசனம் இல்லை அது. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஒரு சின்னப் பெண், எங்கள் வீட்டுக்கு வா என்றாள். அடுத்த பாயிலிருந்து இன்னொன்று, எங்கள் வீட்டுக்கு வா, எங்கள் வீட்டில் மாடி இருக்கிறது என்றது. காஜா பாயின் பேரன் ஓடி வந்து மேடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பிரியாணி உண்டு என்றான். திடல் முழுவதும் எங்கள் வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு என்று ஒரே சத்தம். எமரன்சியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேன்ட் போட்டு நின்றதற்காக இல்லை. முன்பின் தெரியாத பிள்ளைகள் எல்லாம் கூப்பிடுகிறார்கள், கூப்பிட வேண்டியவள் வாலோடு வாயை மூடி நிற்கிறேன். பின்னங்காலுக்கு வசனம் இல்லைதான். இல்லாவிட்டால் போகட்டும்.

"ஏ பிள்ளைகளா, செத்த சும்மா இருங்க. இவங்கள நான்தான் மொதல்ல கூப்புடணும்," என்றேன். ஏரோது ராஜாவின் மனைவிக்கு இருந்த குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை, நடுங்கியது. பிள்ளைகள் அடங்கினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மதினி, நாளக் கழிச்சுப் பெருநாளு. நீங்க எங்க வீட்டுக்கு வரணும். அண்ணனயும் கூட்டிட்டு வாங்க. மருமவனும் ஷைனியும் தலக் கிறிஸ்துமசுக்கு எங்க வீட்டுல இருக்கணும். ஊரு முன்னால கூப்புடுதேன்."

கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கைக்குழந்தை ஒன்று மட்டும் எங்கேயோ சிணுங்கியது. எமரன்சியா என்னையே பார்த்தாள். அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் அந்த மேடையிலேயே செத்திருப்பேன்.

"பந்தியில எழுப்பி விட மாட்டியளே?" என்றாள்.

"நீங்க சாப்ட்டு எந்திக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே நிக்கேன்."

"நிக்க வேண்டாம் மதினி. கூட இருந்து சாப்புடுங்க. நாங்க எல்லாரும் வாரோம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் கைதட்டவில்லை, மூக்கைச் சிந்தினார்கள். கம்பத்தடியில் ஷைனி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், கிங்ஸ்லி அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். மேலே நட்சத்திரத்தைக் கயிற்றில் இறக்கிவிட்டார்கள். மதினி சட்டென்று அட்டைத் தலையை மாட்டிக்கொண்டு, நேரமாகிறது, பெத்லகேமுக்குப் போவோம் வாங்க என்றாள். பட்டனைப் போட எங்கே நேரம்? நான் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டு துண்டாகவே பெத்லகேம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் திரையை இழுக்க ஞாபகம் வந்தது.

டிசம்பர் 24, மாலை

பாதிரியாரிலிருந்து மீன் விற்கிற அக்கா வரை எல்லாரும் நாடகத்தின் அந்த இடத்தை யார் எழுதியது என்று கேட்கிறார்கள். வாஸ் சார், நான்தான் என்று சொல்லிவிட்டாராம். சொல்லிக்கொள்ளட்டும், பாவம்.

வழக்கத்தை விடக் கூடாது என்று பலகாரப் பெட்டியோடு அந்த வீட்டுக்கும் போனேன். படி ஏறும்போது கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. மதினி வாசலிலேயே நின்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே திறந்து ஒரு முந்திரிக்கொத்தை வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்த வருஷம் நீங்கள் முன்னால் இருங்கள், எனக்கு அந்தத் தலை கனம் தாங்கவில்லை என்றாள். அதெல்லாம் சீட்டில் வருவதுதான் என்றேன்.

டிசம்பர் 25, ஞாயிறு

பூசை முடிந்து எட்டு மணிக்கு வந்தார்கள். ஷைனி கேட்டுக்கு வெளியே நின்று மாமியார் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. மதினி அவள் தோளைப் பிடித்துத் தள்ளி, "என்ன என்னத்துக்குப் பாக்க? ஒங்க அம்மை வீடுதான, போ," என்றாள். அவள் ஓடினாள். சேலை கட்டிய பெண் ஓடுகிற ஓட்டமா அது! குடிலில் குழந்தையேசு வைக்காமல் இருந்ததைப் பார்த்துவிட்டு எங்கே என்று அதட்டினாள். சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றேன். எடுத்து வைத்தாள்.

காலையில் ஆட்டுக்கறிக் குழம்பும் தோசையும், மத்தியானம் பிரியாணி. ஆண்கள் பரிமாறினார்கள், நாங்கள் மூன்று பெண்களும் முதலில் உட்கார்ந்தோம். இவருக்கும் சம்பந்திக்கும் ஏதோ ரகசியச் சிரிப்பு, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். மதினி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். உப்பு ஒரு கல் குறைவு என்று சொன்னாள். சொல்லட்டும், குறைவுதான்.

இப்போது மணி மூன்று. மதினி ஹாலில் விசிறிக்கடியில் குறட்டை விடுகிறாள். ஷைனி தன் அறையில் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறாள். நான் ஒரு தரம் செம்பு எடுக்க அந்தப் பக்கம் போனேன். இன்னொரு தரம் விசிறி சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன். அடுத்த தரம் சும்மாதான் போனேன். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"அம்மா, நான் நாளைக்கும் இங்கதான் இருப்பேன். போய் செத்த உக்காரு," என்றாள்.

வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.